உங்கள் திரையில் யார் யார் இருக்கிறார்கள்?



தோழியர் நால்வர் சேர்ந்து ஒரு கலியாணச் சட்டைக்குத் துணி பார்ப்பதென்றால் முன்பெல்லாம் ஒரு வீட்டில் கூடுவார்கள். பாயை விரித்து, துணிகளைப் பரப்பி, "இது வேண்டாம், அதைப் பாருங்கள்" என்று பேசிப் பேசியே பொழுது போய்விடும். இன்று அந்த நால்வரில் ஒருத்தி கட்டாரில் இருக்கிறாள், ஒருத்தி காத்தான்குடியில், ஒருத்தி மாவனல்லையில், இன்னொருத்தி லண்டனில். ஆயினும் துணி பார்ப்பது நின்றுவிடவில்லை. ஒருத்தி வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பை எடுத்து, "என்னுடைய ஸ்கிரீனைக் காட்டுகிறேன், பாருங்கள்" என்கிறாள். அவள் விரலால் தள்ளத் தள்ள மூன்று நாட்டிலும் நான்கு பேர் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள்.

நல்ல வசதிதான். ஆனால் அந்த ஒரு பொத்தானை அழுத்தும்போது நாம் எதை எடுத்து யார் முன்னால் வைக்கிறோம் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இம்மாதம் இதைப் பற்றித்தான் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

இது புதிய சங்கதியா?

திரையைப் பகிர்வது நேற்று வந்த காரியமல்ல. 1968 டிசம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அறிஞர் ஏறத்தாழ 1000 பேர் கூடிய சபையில் கணனியை இயக்கிக் காட்டினார். சுமார் 30 மைல் தொலைவில் மென்லோ பார்க் என்ற ஊரில் இருந்த தமது சகாவுடன் ஒரே திரையைப் பார்த்துப் பேசி, இருவருமாக வேலை செய்தனர். இன்று நம் பிள்ளைகள் கையில் பிடிக்கும் கணனி மவுஸும் அன்றைய சபையில் காட்டப்பட்டதுதான்.

அது பாமர வீடுகளுக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று. கொரோனாவால் 2020 மார்ச்சில் நம் நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஸூம் வழியாக ஆசிரியையின் திரை நம் குசினி மேசைக்கே வந்தது. 2023 ஆகஸ்டில் வட்ஸ்அப் தன் வீடியோ அழைப்பில் திரைப்பகிர்வைச் சேர்த்தது. 2024 ஜூனில் திரையோடு சத்தத்தையும் சேர்த்து அனுப்பும் வசதி வந்தது. வீடியோ அழைப்பில் ஒரே நேரத்தில் 32 பேர் வரை கூடலாம் என்றும் ஆயிற்று. 32 பேர் என்பது சிறு தொகையல்ல, ஒரு வகுப்பறை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

என்ன நடக்கிறது?

நீங்கள் பொத்தானை அழுத்தியதும் உங்கள் தொலைபேசி தன் முகத்தைத் தானே ஒரு நொடிக்குப் பல தடவை படமெடுத்து, சுருக்கி, அடுத்த முனைக்கு அனுப்புகிறது. உள்ளே இருக்கும் கோப்புகள் எதுவும் அங்கே போவதில்லை. முகப்பில் எது தெரிகிறதோ அது மட்டும் போகிறது. ஆனால் முகப்பில் தெரிவது எல்லாமே போகிறது. நீங்கள் காட்ட நினைத்தது எது, தற்செயலாக வந்தது எது என்று பிரித்துப் பார்க்க எல்லாத் தொலைபேசிகளுக்கும் தெரியாது.

வங்கிச் செயலிகள் சிலவற்றைத் திறந்தால் மறுபக்கத்தில் கறுப்பாகத் தெரியும். படம் பிடிக்க இடங்கொடாதவாறு அவற்றைச் செய்தவர்கள் பூட்டு வைத்திருக்கிறார்கள். எல்லாச் செயலிகளிலும் இந்தப் பூட்டு இல்லை. உங்கள் கடிதப் பெட்டிக்கும் படப் பெட்டிக்கும் பெரும்பாலும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"வட்ஸ்அப் இரகசியக் குறியீட்டில்தானே போகிறது, யாரும் பார்க்க முடியாதே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். வழியில் யாரும் திறந்து பார்க்க முடியாது. ஆனால் வழியின் முடிவில் இருப்பவர் பார்ப்பதற்காகத்தானே அனுப்புகிறோம்? அவர் வேறொரு தொலைபேசியால் அந்தத் திரையைப் படம் பிடித்தால் எந்தக் குறியீடும் தடுக்காது.

இதனால் வரும் நன்மை

குறையை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது எமது நோக்கமல்ல. கண்டியில் இருக்கும் உம்மாவுக்கு மருத்துவமனையில் நேரம் பதிய வேண்டும். "மேலே மூன்று கோடு தெரிகிறதா? அதை அழுத்துங்கள்" என்று மகள் ரியாத்திலிருந்து அரை மணி நேரம் சொல்லியும் உம்மாவுக்குப் பிடிபடவில்லை. உம்மா தன் திரையைக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் சகோதரி, கணக்கு எழுதும் முறையை இன்னொரு சகோதரிக்கு இப்படிக் காட்டிக்கொடுக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் இரு தோழியர் ஒரே வினாத்தாளைப் பார்த்துக் கணக்குச் செய்யலாம். வெளியே போய்வர முடியாத கைக்குழந்தைக்காரிக்கும், வயதான மாமியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவளுக்கும் இது ஒரு வாசல். அதை அடைத்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வாசலைத் திறக்குமுன் வீட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறோம்.

திரை உங்களுடையது மட்டுந்தானா?

ஒரு வீட்டில் நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். ராத்தா ஒருத்தி ஆறு தோழியருக்குத் தன் திரையில் துணிகளைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். சிரிப்பும் பேச்சுமாக இருக்கிறது. அந்த வேளையில் திரையின் மேலே ஒரு வரி வந்து நிற்கிறது. அவளுடைய தங்கையின் பெயர். "இன்றைக்குக் காதியாரிடம் போய்வந்தோம் ராத்தா, உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை."

வந்த வரி நான்கு விநாடியில் மறைந்துவிடும். ஆறு பேரும் வாசித்திருப்பார்கள். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஒருத்தி, "அந்த நீலத் துணியை மறுபடி காட்டுங்கள்" என்பாள். ஆனால் பெற்ற தாய்க்கே இன்னும் தெரியாத ஒன்று இப்போது ஆறு வீடுகளுக்குத் தெரியும். அந்தத் தங்கை யாருக்கும் எதையும் காட்டவில்லை. தன் ராத்தாவை நம்பி ஒரு வரி எழுதினாள், அவ்வளவுதான்.

திரைப்பகிர்வில் உள்ள உண்மையான சங்கடம் இதுதான், சகோதரிகளே. நம் தொலைபேசியில் நம்முடைய விஷயம் மட்டும் இருப்பதில்லை. நம்மை நம்பியவர்களின் விஷயமும் இருக்கிறது. ஒருத்தியின் நோய் அறிக்கை, இன்னொருத்தியின் கடன், மதினியின் மனக்குறை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கலியாணப் பேச்சு, இவையெல்லாம் நம்மிடம் அமானிதமாக இருப்பவை. நம் விஷயத்தை நாம் காட்டலாம், அது நம் விருப்பம். பிறர் விஷயத்தைக் காட்ட அவர்களிடம் கேட்டோமா?

படப் பெட்டியும் இப்படித்தான். ஒரே ஒரு கேக்கின் படத்தைக் காட்டுவதற்காக நீங்கள் படப் பெட்டியைத் திறக்கிறீர்கள். திறந்ததும் இருபது முப்பது சின்னப் படங்கள் வரிசையாகத் தெரியும். போன வாரம் பெண்கள் மட்டும் கூடிய வைபவத்தில், ஹிஜாப் இல்லாமல், நீங்கள் கேட்டதற்காக நின்று படமெடுத்துக்கொண்ட உங்கள் சிநேகிதியும் அந்த வரிசையில் இருப்பாள். மறுபக்கத்தில் உங்கள் தோழியின் அருகில் அவளது கணவரோ தம்பியோ அமர்ந்திருக்கிறாரா என்பது உங்களுக்குத் தெரியுமா? வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டு உள்ளே போகும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். உள்ளே இருப்பவர்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளட்டும் என்பதற்காகவே அந்தப் பழக்கம். திரைக்கும் ஒரு வாசல் உண்டு. அங்கே அந்த அவகாசத்தை நாமேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

காட்டுவதற்கு முன்

பின்வருவனவற்றைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் போதும்.

1. முதலில் அறிவித்தல்களை நிறுத்துங்கள். தொலைபேசித் திரையை மேலிருந்து கீழே இழுத்தால் 'டு நொட் டிஸ்டர்ப்' என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டால் பொதுவாக வரிகள் குறுக்கே வந்து விழமாட்டா. ஆயினும் மேலே உள்ள பட்டியை இழுத்தால் அவை தெரியும் என்பதை மறக்க வேண்டாம். வட்ஸ்அப்பின் அறிவித்தலில் செய்தியின் வாசகம் தெரியாமல் செய்துவைப்பதும் நல்லது. ஐபோன்காரர்களுக்கு, திரையைப் பகிரும்போது அறிவித்தல்களை மறைக்க அமைப்புக்குள்ளேயே தனி இடம் உண்டு. அண்ட்ரொய்டின் 15ஆம் பதிப்பு 2024இல் வந்தபோது, பகிர்வு நடக்கையில் அறிவித்தல்களின் வாசகத்தையும் ஒருமுறைக் கடவு இலக்கங்களையும் மறைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. நம் கைகளில் இருக்கும் பல தொலைபேசிகள் அதற்கு முந்தியவை. ஆகவே தொலைபேசி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட வேண்டாம்.

2. முழுத் திரையா, ஒரு செயலி மட்டுமா என்று பாருங்கள். கணனியில் ஸூம், கூகுள் மீட் போன்றவற்றில் ஒரு சாளரத்தை மட்டும் காட்ட முடியும். புதிய அண்ட்ரொய்ட் தொலைபேசிகள் சிலவும் 'ஒரு செயலி' என்று தெரிவுசெய்ய இடம் தருகின்றன. அந்தத் தெரிவு இருந்தால் அதையே எடுங்கள். அவசரத்தில் 'முழுத் திரை' என்பதை அழுத்திவிடுவதுதான் பலரும் செய்வது.

3. காட்ட வேண்டியதை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தேடுவதால்தான் மற்றவை வெளியே வருகின்றன. யூடியூப்பில் தேடும் இடத்தைத் தொட்டாலே முன்பு நீங்கள் தேடியவை வரிசையாக வந்து நிற்கும். ஒன்றிரண்டு படம் மட்டும் காட்டுவதென்றால் திரைப்பகிர்வே தேவையில்லை. அந்தப் படத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

4. யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். "பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா?" என்று கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? அதேபோல நீங்கள் பார்ப்பவராக இருந்தால், உங்கள் அருகில் யார் இருக்கிறார்கள் என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

5. கெமராவையும் கவனியுங்கள். சில செயலிகளில் திரையைக் காட்டும் வேளையிலும் கெமரா ஓடிக்கொண்டுதான் இருக்கும். எல்லோர் கண்ணும் திரையில் இருக்கிறது என்று நினைத்துத் தொலைபேசியைச் சாய்த்து வைப்போம். பின்னால் உம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருப்பார்.

காட்டிக்கொண்டிருக்கும்போது எந்தக் கடவுச்சொல்லையும் எழுத வேண்டாம். விரல் படும் எழுத்து ஒரு கணம் பெரிதாகத் தெரிந்து மறைவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். முடிந்ததும் பகிர்வு நின்றுவிட்டதா என்று ஒருமுறை பார்த்து உறுதிசெய்யுங்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று வேறு செயலிக்குப் போய், பகிர்வு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை அறியாதவர்கள் பலர்.

பார்க்கும் இடத்தில் நாம் இருந்தால்?

தற்செயலாக ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டால் உடனே, "ராத்தா, மேலே செய்தி வருகிறது, நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பேசாமல் இருந்து முழுவதையும் வாசித்துக்கொள்வது நாகரிகமல்ல. வாசித்தது எதுவாயினும் அது அந்த அழைப்போடு முடியட்டும். கேட்காமல் படம் பிடிப்பதும் பதிவு செய்வதும் ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போய் அலுமாரியைத் திறந்து பார்ப்பது போன்றதாகும்.

பிள்ளைகள் விஷயத்தில்

ஆண்பிள்ளைகள் பலர் டிஸ்கோர்ட் என்ற செயலியில் கூடுகிறார்கள். 2015இல் விளையாட்டுக்காரர்களுக்கென்று தொடங்கப்பட்ட அச்செயலி 13 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு உரியதல்ல. ஒருவன் விளையாடுவதை மற்றவர்கள் பார்ப்பதற்குத் திரையைப் பகிர்கிறார்கள். இதில் தாய்மார் அறிய வேண்டியது ஒன்றுண்டு. தொலைபேசி அழைப்பில் நாம் அழைத்தவர்தான் வருவார். டிஸ்கோர்டின் பேச்சு அறை அப்படியல்ல. அந்தக் குழுவில் உள்ளவர்களில் அனுமதி பெற்றவர் எவரும் இடையில் உள்ளே வரலாம், போகலாம். தொடங்கும்போது இரண்டு கூட்டாளிகள் இருந்த அறையில் அரை மணி நேரத்தில் முகம் தெரியாத ஐந்து பேர் இருக்கக்கூடும். "இப்போது அறையில் யார் இருக்கிறார்கள்?" என்று மகனிடம் கேளுங்கள். அவனுக்கே தெரியவில்லையென்றால் அதையே பாடமாக்கிச் சொல்லிக்கொடுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு வருவது வேறுவிதமான நெருக்குதல். "என்னைப் பற்றி அவளிடம் என்ன பேசினாய்? ஒன்றுமில்லையென்றால் உன் சாட்டைத் திறந்து காட்டு பார்க்கலாம்" என்று ஒரு தோழி கேட்பாள். காட்டாவிட்டால் நட்பு முறியும் என்று பயந்து பிள்ளை காட்டிவிடுவாள். அதில் மூன்றாவது பிள்ளை ஒருத்தி நம்பி எழுதியது எல்லாம் இருக்கும். மறுநாள் வகுப்பில் பேசப்படுவது அந்த மூன்றாவது பிள்ளையைப் பற்றித்தான்.

உங்கள் மகளுக்கு ஒரு வாக்கியத்தைப் பழக்கிவிடுங்கள். "அது என்னுடையது மட்டுமல்ல, அவளுடையதும்கூட. ஆகவே காட்ட மாட்டேன்." இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் மற்றப் பிள்ளைகளுக்கு நாளடைவில் மதிப்பு வரும். காரணம் சொல்ல முடியாத நிலையில் இருந்தால், "உம்மா விட மாட்டா" என்று பழியை நம்மேல் போட்டுக்கொள்ளவும் இடங்கொடுங்கள். பிள்ளைக்காக அந்தப் பழியைச் சுமப்பதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

அந்நியர் கேட்டால்

இதுவரை சொன்னது நண்பர்களிடையே நடப்பது. இனிச் சொல்வது திருடரைப் பற்றி. "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கில் ஒரு கோளாறு. வீடியோ அழைப்பில் வந்து திரையைக் காட்டுங்கள், சரிசெய்து தருகிறோம்" என்று அழைப்பார்கள். பரிசு விழுந்திருக்கிறது என்பார்கள், பொதி வந்திருக்கிறது என்பார்கள். கேட்பது ஒன்றுதான். நீங்கள் திரையைக் காட்டியதும் அவர்கள் மறுபக்கத்தில் உங்கள் கணக்குக்குள் நுழைய முயல்வார்கள். வங்கி உங்களுக்கு அனுப்பும் ஒருமுறைக் கடவு இலக்கம் உங்கள் திரையில் விழும்போது அவர்களும் அதை வாசித்துவிடுவார்கள். நீங்கள் வாய்திறந்து எதையும் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

எனிடெஸ்க், டீம்வீவர் போன்ற செயலிகளைப் போடச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். அவை கணனி திருத்துபவர்களுக்கு உதவும் நல்ல கருவிகளே. ஆனால் அவற்றின் வழியாகத் தூரத்தில் இருப்பவர் உங்கள் திரையைப் பார்ப்பதோடு நிற்காமல், தொட்டு இயக்கவும் முடியும். இந்தத் தொல்லை உலகெங்கும் பெருகியதால், அறியாத ஒருவருக்குத் திரையைக் காட்டப் போகும்போது எச்சரிக்கும் வசதியை 2025 அக்டோபரில் வட்ஸ்அப் அறிவித்தது. அந்த எச்சரிக்கை வந்தால் நின்று வாசியுங்கள்.

அறியாமல் காட்டிவிட்டீர்களா? உடனே அழைப்பைத் துண்டியுங்கள். டேட்டாவையும் வைபையையும் நிறுத்துங்கள். வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ள இலக்கத்துக்கு வேறொரு தொலைபேசியிலிருந்து அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். இலங்கை கணனி அவசர பதிலளிப்புக் குழுவுக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். பொலிஸில் முறையிடுங்கள். உங்கள் திரையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு யாராவது மிரட்டினால் பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். செய்திகளை அழிக்கவும் வேண்டாம், அவை சாட்சி.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏமாந்து போன உம்மாவையோ மகளையோ முதலில் ஏசாதீர்கள். "உனக்குப் புத்தி இல்லையா?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்துதான் பலர் மணிக்கணக்கில் மறைத்துவைக்கிறார்கள். பணம் போவது அந்த மணித்தியாலங்களில்தான். வங்கிக்கு அழைத்து முடித்த பிறகு பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளலாம்.

சகோதரிகளே, இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தொலைபேசியைக் கையில் எடுத்து, அதில் உங்களை நம்பி எழுதியவர்களின் பெயர்களை ஒருமுறை பாருங்கள். பிறகு அறிவித்தல்களில் வாசகம் தெரியாமல் செய்துவையுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் உள்ள பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மகிழ்ச்சியோடு காட்டித்தருவாள். அவளுடைய தொலைபேசியிலும் அதைச் செய்யச் சொல்லுங்கள். அடுத்த தடவை தோழியர் கூடித் துணி பார்க்கும்போது துணி மட்டும் தெரியட்டும்.